ஏழாவது மேசை

மணி பதினொன்றரையைத் தாண்டியும் குழு வரவில்லை. வராமல் எங்கே போய்விடும், எட்டு நாள் பொறுத்தவளுக்கு எட்டு நிமிஷம் ஒரு பெரிய விஷயமா என்று பிரம்மசக்தி தன் வலது கையை மடியில் போட்டு இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். விட்டால் அது இப்போதே எழுந்து நின்றுவிடும் போலிருந்தது. அறை முழுக்க ஃபினாயில் வாடை. கரும்பலகையை இரண்டு தரம் கழுவியிருக்கிறார்கள், ஈரம் காய்ந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக வரி. மேசைமேல் ஒரு புது டஸ்டர். அதை யாரும் தொடக்கூடாது, அழுக்காகிவிடுமாம். அழிப்பதற்கில்லாமல் காட்டுவதற்கு ஒரு டஸ்டர். குத்தாலிங்கம் சார் வாசலுக்கும் மேசைக்குமாக நடக்கிறார். பெட்டியிலிருந்து எடுத்த சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை, முதுகில் நெடுக்காக ஒரு கோடு, குறுக்காக ஒரு கோடு, சாரையே ஒரு கிராஃப் தாளாக விரித்து வைத்த மாதிரி. நடக்கட்டும். நன்றாக வேர்க்கட்டும். கல்லூரிக்கு நட்சத்திரம் கொடுக்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம், அவர்கள் பார்க்கப்போவது இரண்டாம் ஆண்டு கணித வகுப்பாம், அதற்காகப் போன வாரமே ஒத்திகை நடந்துவிட்டது. ஒத்திகையில் சார் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னது அவளுக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. "நான் கேள்வி கேட்டா எல்லா பயபுள்ளையளும் கை தூக்கணும், ஒரு கை கீழ இருக்கப்படாது. தெரிஞ்சவன் வலது கை, தெரியாதவன் இடது கை. வாரவங்களுக்குக் கை தூக்குனது மட்டுந்தான் தெரியும், எந்தக் கைன்னு யாரு பாக்கப் போறா? நான் வலது கையாப் பாத்துக் கேட்டுக்கிடுதேன்." எல்லாரும் சிரித்தார்கள். சார், அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நின்று, சுவரோரத் தூணுக்குப் பின்னால் அவளை மாற்றி உட்கார வைத்திருந்த இடத்தைப் பார்த்துச் சொன்னார், "நீ எல்லாத்துக்கும் இடது கையே தூக்கு. நமக்கு வம்பு வேண்டாம்." அதற்கும் சிரித்தார்கள்.

வம்பு. அவள் பெயரே அதுதான் அவருக்கு. போன வருஷம் ஆவணி மாதம், மேட்ரிக்ஸ் பாடம், மூன்று வரிசை எண்களைப் பலகையில் எழுதினார், ஒன்று இரண்டு மூன்று, இரண்டு ஒன்று பூஜ்யம், மூன்று மூன்று மூன்று. ஒரு வரிசையிலிருந்து இன்னொன்றைக் கழித்தார், பெருக்கினார், மறுபடி கழித்தார், கடைசி வரிசை முழுக்கப் பூஜ்யமாகிவிட்டது, ஆகவே இவை டிபென்டன்ட் என்று கீழே இரண்டு கோடு போட்டார். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவள் அவள். பூஜ்யமானால் ஏன் டிபென்டன்ட், யார் யாரை நம்பி இருக்கிறார்கள், அதுதான் கேள்வி. "புரியல சார்" என்றாள். அவர் அதையே மறுபடி வாசித்தார். "புரியல சார். மொதல்லேருந்து சொல்லுங்க." மறுபடி வாசித்தார், இந்தத் தடவை சத்தமாக. மூன்றாவது தடவை அவள் எழுந்தபோது வகுப்பே திரும்பிவிட்டது, அவளுக்கும் உட்காரத்தான் ஆசை, ஆனால் வாய் முந்திக்கொண்டது. "புரியல சார்." சார் சாக்பீஸைக் கீழே வைத்தார். "நான் என்ன டேப் ரிக்கார்டரா? நாளைக்கு ஒங்கம்மையக் கூட்டிட்டு வா." மறுநாள் அம்மா பீடித் தட்டைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஆசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டாள். யாருமே அங்கே செருப்பைக் கழற்றுவதில்லை. வாசல் மிதியடிமேல் அம்மாவின் நீலச் செருப்பு மட்டும், ஒன்றின் வார் பின்னூசி குத்தியது, தனியாகக் கிடந்தது. ஒரு முழுப் பீரியட் அம்மா நின்றாள். சார் விடைத்தாள் திருத்திக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து பார்த்து, கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நில்லுங்க என்றார். கைக்குட்டை. அந்தக் கைக்குட்டைதான். பீடித்தூள் வாடைக்குத்தான் வைத்தார், வேறு எதற்கு, அம்மா குளித்துப் பவுடர் போட்டுத்தான் வந்தாள், ஆனால் இருபது வருஷமாகச் சுற்றுகிற கை, வாடை தோலுக்குள் போய்விட்டது, அதை அம்மா என்ன செய்வாள். "ஒங்க பொண்ணுக்கு மண்டையில ஏறல. வேணும்னே கிளாஸக் கெடுக்குறா. இந்த மூணு வருஷத்த இங்க கழிக்கதுக்கு வீட்டுத் தொழில்ல உக்காத்தி வைக்கலாம்லா?" அம்மா இரண்டு கையையும் கூப்பினாள். "சரிங்க சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

சரிங்க சார். இந்த இரண்டு வார்த்தைதான் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுவிட்டது. அவர் சொன்னதைக்கூட ஒருநாள் மறந்துவிடலாம். ஆனால் அம்மா சொன்னது? கடைத்தெருவில் யாராவது எடையில் கைவைத்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஏசுகிற அம்மா, அப்பா போன பிறகு ஒரு மாமன் மச்சான் வாசலுக்குப் போகாத அம்மா, ஒரு கணக்கு வாத்தியார் முன்னால் சரிங்க சார். பஸ் நிறுத்தத்தில் வைத்து அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "புரியலைன்னா என்னட்டி, புரிஞ்ச மாதிரித் தலைய ஆட்டிட்டு உக்காரப்படாதா?" பதிலைக் கணக்கில்தான் சொல்வது என்று பிரம்மசக்தி அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். ஆசைப்பட்டுப் படிப்பவர்கள் உண்டு, வேலைக்குப் படிப்பவர்கள் உண்டு, அவள் வஞ்சத்துக்குப் படித்தாள். நூலகத்தில் முதுகு கிழிந்த ஒரு புத்தகம், அகராதி ஒன்று, நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கம். அம்மா இலை வெட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவள் வரிசைகளைக் கழித்துக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை, அம்மா கட்டுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த நேரம், அந்தப் பழைய மூன்று வரிசையையும் சும்மா எழுதிப் பார்த்தாள். ஒன்றும் இரண்டும் மூன்று. இரண்டும் ஒன்றும் மூன்று. மூன்றும் பூஜ்யமும் மூன்று. அட, மூன்றாவது வரிசை முதல் இரண்டையும் கூட்டினால் வருவதுதான்! அதற்கென்று சொந்தமாக ஒன்றுமே கிடையாது, கழித்துக்கொண்டே போனால் பூஜ்யம் ஆகாமல் வேறு என்ன ஆகும். இவ்வளவுதானா. ஒரே ஒரு வாக்கியம். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் அம்மா செருப்பைக் கழற்றியிருக்க வேண்டாம். சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் அவளுக்கு அழுகை வந்தது, அழுகைக்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது, அது குளிர்ச்சியாக இருந்தது. சாருக்கு இந்த வாக்கியம் தெரியாது. தெரிந்திருந்தால் மூன்று தடவையில் ஒரு தடவையாவது சொல்லியிருப்பார். அவர் கையில் இருக்கிற மஞ்சள் நோட்டு, அவர் படித்த காலத்தில் அவருடைய வாத்தியார் சொல்லி எழுதிக்கொண்டது, அதில் உள்ளதுதான் அவர், அதைக் கழித்தால் அவரும் பூஜ்ய வரிசைதான்.

அந்த மனுஷன் வாழ்க்கையில் சொந்தமாக ஒரே ஒரு காரியம் செய்தார். அதிலேயே மாட்டிக்கொண்டார். லீனியர் புரோகிராமிங்கில் முதல் கணக்கு, வருஷா வருஷம் நடத்துகிற கணக்கு. ஒரு தச்சுப் பட்டறை, மேசை எத்தனை, நாற்காலி எத்தனை செய்தால் ஆதாயம் அதிகம். மேசை x, நாற்காலி y. பலகை இருப்புக்கு ஒரு நிபந்தனை, இரண்டும் சேர்ந்து பத்துக்கு மேல் போகாது. ஆள் வேலைக்கு ஒரு நிபந்தனை, மேசையை இரண்டு மடங்காக்கி நாற்காலியைச் சேர்த்தால் பதினேழுக்கு மேல் போகாது. மேசைக்கு மூன்று, நாற்காலிக்கு இரண்டு ஆதாயம். கோடுகள் வெட்டுகிற இடம் ஏழு, மூன்று. ஆதாயம் இருபத்தேழு. மஞ்சள் நோட்டில் இதைப் போட்டு அடிக்கோடும் இட்டிருக்கிறது. ஒத்திகையன்று சாருக்கு என்ன தோன்றியதோ, பழைய கணக்கையே போட்டால் குழுவில் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயமோ, பெருமையாகச் சொன்னார், "இதுல நம்ம பங்குக்கு ஒரு கண்டிஷன் சேப்போம்." சேர்த்தார். ஒரு நாளைக்கு ஆறு மேசைக்கு மேல் செய்ய முடியாது. சேர்த்துவிட்டு, கையைத் தட்டிச் சாக்பீஸ் தூளை உதறிவிட்டு, நோட்டைப் பார்த்து விடையை எழுதினார். மேசை ஏழு. நாற்காலி மூன்று. நாற்பத்திரண்டு பேர் அதைக் குனிந்து எழுதினார்கள். ஆறுக்கு மேல் முடியாது என்று மேலே இருக்கிறது, ஏழு என்று கீழே இருக்கிறது, நடுவில் நாலு விரல் இடைவெளி, ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்தது. ஆறும் நாலும்தான் சரி, ஆதாயம் இருபத்தாறு, ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். அந்த ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்றே சொல்லியிருந்தால் அழித்துவிட்டுப் போயிருப்பார், கழுவின பலகை மறுபடி கழுவின பலகையாகியிருக்கும். அதனால் சொல்லவில்லை. வெளியூர்க்காரர்கள் முன்னால், முதல்வர் முன்னால், புதுச் சட்டையோடு, அம்மா நின்ற மாதிரி நிற்க வேண்டும். சரிங்க என்று சொல்ல வேண்டும். அதுவரை வாய் திறப்பதில்லை.

ஒன்று மட்டும் இடறியது. ஏழு, மூன்று என்று எழுந்து சொல்லப்போவது சார் இல்லை, உலகம்மை. சார் பிரித்துக் கொடுத்த கேள்விகளில் கடைசிக் கேள்வி அவளுக்கு. உலகம்மைதான் போன வருஷம் அம்மா வந்த அன்றைக்கு வகுப்பைக் கட் பண்ணிவிட்டு அம்மாவைப் பஸ் நிறுத்தம்வரை கைபிடித்துக் கூட்டிப்போனவள். எட்டு நாளாகப் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, x ஏழு சார், y மூணு சார் என்று முணுமுணுத்துக்கொண்டே வருகிறாள், "ஏ பிரம்மு, சொல்லும்போது நாக்கு கொளறிருமோன்னு பயமா இருக்குட்டி" என்கிறாள். கொளறாது, நல்லா வரும்ட்டி என்று சொன்னது யார். இவள்தான். அந்த நாக்கை என்ன செய்யலாம். சொல்லிவிடலாமா, இப்போதுகூட ஒரு சீட்டு எழுதி முன்னால் தள்ளிவிடலாம், ஆறு நாலு, இரண்டே எண். சொன்னால் உலகம்மை சரியாகச் சொல்லுவாள், சார் ஒரு கணம் திகைத்து, சமாளித்து, ஆமா ஆமா என்று சிரித்துக் கைதட்டு வாங்குவார். அவருக்குக் கைதட்டா? முடியாது. உலகம்மை ஒரு நிமிஷம் தலைகுனியட்டும், அம்மா ஒரு பீரியட் நின்றாள். இப்படி நினைத்ததுமே அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. வந்து என்ன, சீட்டை எழுதவில்லை.

வந்துவிட்டார்கள். முதல்வர் கதவைத் திறந்து பிடிக்க, கண்ணாடி போட்ட ஒரு மேடமும் கோப்பு வைத்திருந்த ஒருவரும் உள்ளே வந்தார்கள். எல்லாரும் எழுந்து ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள். சார் தொடங்கினார். வாய் நன்றாகத்தான் ஓடியது, அது பதினைந்து வருஷம் ஓடின தடம். முதல் கேள்வி, நாற்பத்து மூன்று கை. இரண்டாவது கேள்வி, நாற்பத்து மூன்று கை. அவள் இடது கையைத் தூக்கினாள், சொன்னபடி. மேடம் தலையை ஆட்டிக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே மெதுவாக நடக்கத் தொடங்கினார். சார் மூன்றாவது நிபந்தனையை எழுதினார், அதற்கு மட்டும் கலர் சாக்பீஸ், ஆறு என்பது சிவப்பில் பளிச்சென்று நின்றது. தூள் பறந்தது. சாருக்குத் தும்மல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார், கண் கலங்கியிருந்தது, மேடம் பக்கம் திரும்பி மன்னிக்கணும், டஸ்ட் அலர்ஜி என்றார். பிரம்மசக்தி அந்தக் கைக்குட்டையையே பார்த்தாள். அன்றைக்கும் தும்மல்தானோ. விடைத்தாள் கட்டில் எவ்வளவு தூசி இருக்கும். தள்ளி நில்லுங்க என்றது ஜன்னல் வெளிச்சத்தை மறைத்ததாலோ. ஒரு வருஷமாக எதன்மேல் நிற்கிறோமோ அது வெறும் தும்மலாக இருந்துவிட்டால்? இல்லை. கைக்குட்டையைக் கழித்துவிடலாம், தள்ளி நிற்கச் சொன்னதைக்கூடக் கழித்துவிடலாம். வீட்டுத் தொழிலில் உட்கார்த்தி வையுங்கள் என்றது தும்மல் இல்லை. அதை எத்தனை தடவை கழித்தாலும் பூஜ்யமாகாது.

"ஆக, எத்தன மேசை, எத்தன நாற்காலி? யாரு சொல்லுதா?" என்றார் சார்.

கைகள் எழுந்தன. அவள் பிடியை விட்டாள். வலது கை எழுந்தது. தூணைத் தாண்டி எல்லாக் கைக்கும் மேலே. சார் பார்த்துவிட்டார். ஒரு கணம் முகத்தில் ரத்தம் இல்லை, பிறகு அவசரமாக, "உலகம்மை, நீ சொல்லும்மா" என்றார்.

"x ஏழு சார், y மூணு சார். ஆதாயம் இருபத்தேழு சார்." நாக்கு கொளறவே இல்லை. சார் எழுதினார். அவள் கை இறங்கவில்லை. மேடம் நடந்து நடந்து சரியாகத் தூணுக்கு அருகில்தான் வந்து நின்றிருந்தார்.

"இந்தப் பொண்ணு இன்னும் கை தூக்கிட்டிருக்காளே சார். என்னம்மா, சொல்லு."

"அவளுக்கு மேடம்... அவ வந்து..."

"சொல்லட்டுமே."

எழுந்தாள். எட்டு நாள் உருப்போட்ட வாக்கியம், கத்தியாகத் தீட்டி வைத்தது, வெளியே வரும்போது சாதாரணமாகத்தான் வந்தது. "ஒரு நாளைக்கு ஆறு மேசைக்கு மேல முடியாதுன்னு சார்தான் எழுதிப் போட்டிருக்காவ. பெறகு ஏழாவது மேசைய யாரு செய்வா?"

உலகம்மை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, உனக்கு அன்றைக்கே தெரியுமா என்ற கேள்வி மட்டும்தான் இருந்தது, அதைத் தாங்க முடியவில்லை. சார் பலகையைப் பார்த்தார். சிவப்பு ஆறு, வெள்ளை ஏழு. கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. வந்துவிட்டது, இதோ வந்துவிட்டது, கையைக் கூப்பு, சரிங்க என்று சொல்லு, சொல்லு, சொல்லு என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேடம் கைதட்டினார்.

"அருமை சார்! வேணும்னே ஒரு தப்ப விட்டுட்டு, பிள்ளைங்களே கண்டுபிடிக்கட்டும்னு நின்னீங்களா? இப்படி நடத்துறவங்கள நான் ரொம்ப நாளாப் பாக்கல."

சார் முதல்வரைப் பார்த்தார். பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆமாங்க மேடம். அது... நம்ம வழக்கந்தான்." கோப்புக்காரர் குனிந்து எழுதினார். இவ்வளவுதான். எட்டு நாள், ஒரு வருஷம், நாட்காட்டித் தாள் அத்தனையும் ஒரே வாயில் விழுங்கிவிட்டார். அவள் தீட்டின கத்தியை வாங்கித் தன் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டார். கத்தலாம், பொய் சொல்லுதாரு என்று கத்தலாம், கத்தினால் என்ன ஆகும், வம்பு பிடித்த பெண் என்று ஆகும், நாளைக்கு அம்மாவைக் கூட்டி வா என்று ஆகும், மறுபடி செருப்பு, மறுபடி மிதியடி. உட்கார்ந்தாள். சார் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கக் கூடாது என்று தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவருகே போன மேடம் திரும்பினார். "கடைசியா ஒண்ணு. சார் நடத்துறது உங்க எல்லாருக்கும் நல்லாப் புரியுதா?"

பழக்கதோஷம், கைகள் சடசடவென்று எழுந்தன. எல்லாம் வலது கை. எல்லாத்துக்கும் இடது கையே தூக்கு என்று சார் சொல்லியிருக்கிறார். சொன்னபடி அவள் இடது கையைத் தூக்கினாள். நன்றாக, முழங்கை மடங்காமல். உலகம்மை இன்னும் திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையைப் பார்த்தாள். பலகையில் இருந்த ஏழைப் பார்த்தாள், தன் வாயால் சொன்ன ஏழு. பிறகு வலது கையை இறக்கி இடது கையைத் தூக்கினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் ஒரு வினாடி தயங்கி மாற்றினாள். அடுத்த பெஞ்ச். பையன்கள் பக்கம் ஒருவன், அவனைப் பார்த்து நாலு பேர். சத்தமே இல்லாமல், ஒரு கை இறங்கி ஒரு கை ஏறி, முன் பெஞ்ச்வரை போய்விட்டது. நாற்பத்து மூன்று இடது கை.

"எல்லாருமே!" என்றார் மேடம், மனம் நிறைந்து. கோப்புக்காரர் அதையும் எழுதிக்கொண்டார். முதல்வர் மார்பை நிமிர்த்தினார். அந்த அறையில் இருந்த பெரியவர்களில் ஒரே ஒருவருக்குத்தான் அந்தக் கைகளை வாசிக்கத் தெரியும். சார் வரிசை வரிசையாக வாசித்தார். சிரிப்பு உதட்டில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, மற்றதெல்லாம் இறங்கிவிட்டது. போகிறவர்களைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார், சாக்பீஸ் தூள் அப்பிய கை. "சரிங்க மேடம். ரொம்ப நன்றிங்க மேடம்."

கதவு சாத்திக்கொண்டது. காலடிச் சத்தம் வராந்தாவில் தேய்ந்தது. ஒரு கையும் இறங்கவில்லை.

"போயிட்டாங்கள்லா. இறக்குங்க" என்றார் சார். குரல் அவருடையதாக இல்லை. ஒவ்வொன்றாக இறங்கின. உலகம்மையுடையதும் இறங்கியது. தூணுக்குப் பின்னால் ஒன்று மட்டும் நின்றது. சார் அதை வெகுநேரம் பார்த்தார்.

"ஒனக்கு என்னம்மா?"

அவள் எழுந்தாள். போன வருஷம் போலவே வகுப்பு முழுக்கத் திரும்பியது.

"புரியல சார்" என்றாள் பிரம்மசக்தி. "மொதல்லேருந்து சொல்லுங்க."

சார் பலகைப் பக்கம் திரும்பினார். அங்குமிங்கும் தேடிவிட்டு, புது டஸ்டரை எடுத்து, அந்த ஏழு என்ற எண்ணை அழித்தார்.